எக்ஸ்எச், பிஎச் இணைப்பிகளுக்கு 2,000 ரூபாய்க்குள் எந்தக் கிரிம்பிங் டூல்?

கோவை_அச்சுக்கூடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் என் 3டி பிரிண்டரில், எக்ஸ் அச்சு மோட்டாருக்குச் செல்லும் கம்பி ஓயாமல் வளைந்து நிமிர்ந்ததால் உறைக்குள்ளேயே அறுந்துவிட்டது. அதை மாற்றப் போன இடத்தில் மற்ற கம்பிகளும் ஏறத்தாழ அதே நிலையில் இருப்பதைக் கண்டதால், மொத்தத்தையும் புதிதாக இழுத்துவிட முடிவு செய்திருக்கிறேன். போர்டின் பக்கம் எல்லாமே பின்களுக்கு (ஊசிகளுக்கு) இடையே 2.5 மி.மீ. இடைவெளியுள்ள, ஜேஎஸ்டி நிறுவனத்தின் எக்ஸ்எச் வகை இணைப்பிகள். மோட்டார்களின் பக்கம் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு பின் கொண்ட பிஎச் வகை.

கம்பி முனையில் உலோக டெர்மினலை அழுத்திப் பொருத்த (அதுதான் கிரிம்பிங்) ஒரு டூல் தேவை. வீட்டு மின்வேலைக்காக வைத்திருந்த, சிவப்பு நீலம் மஞ்சள் புள்ளிகள் போட்ட லக் அடிக்கும் டூலால் முதலில் முயன்றேன். பத்து டெர்மினல்களில் பத்தும் தட்டையாகி, இணைப்பியின் பிளாஸ்டிக் கூடான ஹவுசிங்கில் நுழையவே மறுத்தன. பிறகு மூக்குக் குறட்டால் டெர்மினலின் உலோக இறகுகளை மடக்கி ஒரு துளி சாலிடர் வைத்ததில் நான்கு நுழைந்தன, அவற்றில் ஒன்று மெல்ல இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இணையக் கடைகளில் ஒரே படத்தைப் போட்டு 600 ரூபாய்க்கும் விற்கிறார்கள், 6,000 ரூபாய்க்கும் விற்கிறார்கள். எனக்குத் தேவை ஏறக்குறைய எண்பது டெர்மினல்கள்தான் என்பதால் 2,000 ரூபாய்க்கு மேல் செலவிட மனமில்லை. எதை வாங்கலாம்?

மின்தடை_470 எழுதியது:

எஸ்என்-28பி வாங்குங்கள், வேறு யோசனை வேண்டாம். நான் வாங்கியபோது 1,400 ரூபாய் ஆனது. ஐந்து ஆண்டுகளாக ரோபோ வேலைகளுக்கு டூபான்ட் எனப்படும் செருகு இணைப்பிக் கம்பிகள் எல்லாவற்றையும் அதில்தான் அடிக்கிறேன். ராச்செட் இருப்பதால் முழுவதும் அழுத்தி முடிக்கும்வரை கைப்பிடி திறக்காது. ஆகவே பாதி அடித்த கிரிம்ப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வடம்_முனையம் எழுதியது:

முந்தைய பதிவர் தம் வேலைக்குச் சரியான டூலைத்தான் சொல்கிறார், ஆனால் கேள்வி கேட்டவரின் டெர்மினல்கள் வேறு. நான் ஒரகடம் பக்கம் வாகன வயரிங் ஹார்னஸ் தயாரிக்கும் ஆலை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனி அச்சு உண்டு. கம்பியின் தடிமன் மாறினாலே அமைப்பை மாற்றி, அடித்த கிரிம்பின் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பதிவு செய்த பிறகே வேலையைத் தொடங்குவோம். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஆயினும் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதில் ஆலைக்கும் வீட்டுக்கும் வேறுபாடு கிடையாது. முதலில் டெர்மினல், அடுத்து அதற்கு ஏற்ற கம்பி, அதன் பிறகே டூல். நம்மில் பெரும்பாலோர் டூலை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த கம்பியை அதற்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

உங்கள் டெர்மினலைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு ஜோடி இறகுகள் தெரியும். முன்னால் உள்ள சிறிய ஜோடி செம்பு இழைகளைப் பிடிப்பதற்கு, பின்னால் உள்ள உயரமான ஜோடி பிளாஸ்டிக் உறையைப் பிடிப்பதற்கு. முன் ஜோடியை அச்சு மேலிருந்து சுருட்டி, இரண்டு நுனிகளையும் இழைகளுக்கு நடுவே இறக்குகிறது. வெட்டிப் பார்த்தால் ஆங்கில பி (B) எழுத்தைக் குப்புறக் கிடத்தியதுபோல் இருக்கும். அந்த அழுத்தத்தில் இழைகளின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உடைந்து, செம்பும் டெர்மினலும் நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளிகள் நசுங்கி மறைவதால் காற்றும் ஈரமும் உள்ளே புகுவதில்லை. பின்னால் உள்ள ஜோடிக்கு மின்சாரத்தோடு தொடர்பே இல்லை. கம்பி ஆடும்போது அந்த ஆட்டம் செம்பு வரை போகாமல் தாங்குவதுதான் அதன் வேலை. இரண்டுக்கும் வெவ்வேறு அகலம், வெவ்வேறு உயரம் வேண்டும். உங்கள் லக் டூலில் இருப்பதோ மூடிய குழாயை நசுக்குவதற்கான நீள்வட்டக் குழி. அதில் பத்தும் தட்டையானதில் வியப்பில்லை.

இனி எண்கள். வழக்கமான எக்ஸ்எச் டெர்மினல் 0.08 முதல் 0.33 சதுர மி.மீ. வரையுள்ள செம்பை ஏற்கும், அதாவது அமெரிக்கக் கம்பி அளவான ஏடபிள்யூஜியில் 28 முதல் 22 வரை (எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). உறையின் வெளிவிட்டம் 1.2 முதல் 1.9 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிஎச் டெர்மினல் அதைவிடச் சிறியது. அது ஏடபிள்யூஜி 30 முதல் 24 வரை ஏற்கும், உறை 0.8 முதல் 1.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நீங்கள் எடுக்கக்கூடிய மிகத் தடித்த கம்பி ஏடபிள்யூஜி 24 மட்டுமே. பிஎச் அந்தக் கம்பியில் 2 ஆம்பியர் தாங்கும் என்பதால் இந்த மோட்டார்களுக்கு அது தாராளம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வளைவுக்கு நல்லது என்று சிலிக்கோன் உறைக் கம்பி வாங்குவார்கள். ஏடபிள்யூஜி 24 சிலிக்கோன் கம்பியின் வெளிவிட்டம் பொதுவாக 1.6 மி.மீ., பிஎச் ஏற்கும் எல்லையோ 1.5. அந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காகப் பின்னால் உள்ள உறை இறகுகள் மூடாமல் அகன்று நின்று, ஹவுசிங்கின் வாயில் சிக்கிக்கொள்ளும், பழியோ டூலின் மேல் விழும். யுஎல் 1007 என்று அச்சிட்ட பிவிசி கம்பியில் இதே அளவுக்கு வெளிவிட்டம் 1.4 மி.மீ. மட்டுமே. நீங்கள் என்ன கம்பி வாங்கியிருக்கிறீர்கள்?

கோவை_அச்சுக்கூடம் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. இங்கே உள்ளூர்க் கடையில் ஏடபிள்யூஜி என்று கேட்டால் புரியவில்லை. "7/36 இருக்கிறது, 14/38 இருக்கிறது, எது வேண்டும்?" என்று கேட்டார்கள். ஏழு பெரியதா முப்பத்தாறு பெரியதா என்பதே தெரியாமல் இரண்டிலும் ஐந்து மீட்டர் வாங்கி வந்துவிட்டேன்.

ரிச்சி_தெரு_வழிப்போக்கர் எழுதியது:

அது பழைய பிரிட்டிஷ் கணக்கு. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வோர் இழையின் எஸ்டபிள்யூஜி அளவு. 36 என்றால் ஓர் இழை 0.193 மி.மீ. விட்டம், 38 என்றால் 0.152. ஏழு இழைகள் கொண்ட 7/36 கம்பியின் குறுக்குவெட்டு 0.205 சதுர மி.மீ. ஆகிறது. அதுவே ஏடபிள்யூஜி 24, மயிரிழை கூட வேறுபாடில்லை. 7/38 என்பது அதேபோல் ஏடபிள்யூஜி 26க்கு நேர். நீங்கள் வாங்கிய 14/38 ஏறத்தாழ 0.25 வரும், ஆகவே எக்ஸ்எச்சுக்குச் சரி, பிஎச்சுக்கு எல்லை தாண்டியது. வெறுமனே "22 கேஜ்" என்று யாராவது சொன்னால் எந்தக் கேஜ் என்று கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் இரண்டு முறைகளிலும் 22 என்பது வெவ்வேறு தடிமன்.

இன்னும் இரண்டு செய்திகள். சென்னைக் கடைகளில் ஆர்எம்சி அல்லது ரெலிமேட் என்று விற்கப்படும் வெள்ளை இணைப்பிகள் 2.54 மி.மீ. இடைவெளி கொண்டவை. பார்வைக்கு எக்ஸ்எச் போலத் தோன்றினாலும் அவை வேறு குடும்பம், டெர்மினலும் வேறு. வெள்ளையாக இருப்பதையெல்லாம் ஜேஎஸ்டி என்று அழைப்பது இணையக் கடைகளின் வழக்கம் என்பதால், எட்டு பின் இணைப்பி ஒன்றை எடுத்து முதல் பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் இடையே வெர்னியரில் அளந்துவிடுங்கள். எக்ஸ்எச் என்றால் 17.5 மி.மீ. வரும், 2.54 வகை என்றால் 17.8ஐ நெருங்கும். அடுத்து, கம்பியைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். மலிவான ஜம்பர் கம்பிகள் பலவற்றில் செம்பு பூசிய இரும்பு இழைகள் இருக்கின்றன. அவை கிரிம்பில் செம்பைப் போல் நசுங்கி இடம் நிரப்புவதில்லை.

பழைய_ரேடியோ எழுதியது:

எண்பது டெர்மினலுக்கு இத்தனை ஆராய்ச்சியா? இருபத்தைந்து ஆண்டுகளாக நான் இறகுகளை மடக்கிச் சாலிடர் வைத்துத்தான் வேலை செய்கிறேன். என் மேசையில் இருக்கும் எந்த இணைப்பும் கழன்றதில்லை. 2,000 ரூபாயை மிச்சப்படுத்தி நல்ல சாலிடரிங் அயன் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

வடம்_முனையம் எழுதியது:

ஐயாவின் மேசையில் கழன்றிருக்காது என்பதை நம்புகிறேன், ஏனெனில் ரேடியோவுக்குள் இருக்கும் கம்பி ஆடுவதில்லை. இங்கே பேசப்படுவது ஒரு நாளில் பல ஆயிரம் முறை வளைந்து நிமிரும் கம்பி. சாலிடர் உருகியதும் இழைகளுக்கு இடையே ஏறி உறைக்குள் சில மில்லிமீட்டர் ஊர்ந்துவிடும். அந்த நீளம் மட்டும் கம்பியாக இல்லாமல் குச்சியாகிவிடுகிறது. குச்சி முடிந்து கம்பி தொடங்கும் இடத்தில் வளைவு முழுவதும் குவிந்து, அங்கேதான் அறுபடும். கூடவே சாலிடரோடு வரும் ஃப்ளக்ஸ் பசை முன்பக்கம் ஓடி, இணைப்பியின் ஊசி நுழையும் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் படிந்துவிட்டால் தொடுப்பும் கெடும். ஜேஎஸ்டி என்ற பெயரின் விரிவே ஜப்பான் சாலிடர்லெஸ் டெர்மினல் என்பதுதான். சாலிடர் இல்லாத முனையம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டு 1957ஆம் ஆண்டிலிருந்து ஒரு நிறுவனம் நடக்கிறது.

ஆயினும் டூல் வந்து சேரும்வரை ஒரு நாள் பிரிண்டர் ஓடியே ஆக வேண்டும் என்றால் சாலிடர் வைத்துக்கொள்ளலாம். இணைப்பியிலிருந்து முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆடாதபடி கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யாழ்_மின்னணு எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கு இணைப்பிகளும் கம்பியும் பெரும்பாலும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்துதான் வருவிக்க வேண்டும், கிரிம்பிங் குறடு என்று கேட்டால் வலையமைப்புக் கேபிளுக்கான ஆர்ஜே45 குறட்டை எடுத்துத் தருவார்கள். ஜப்பானில் இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் எஞ்சினியர் பிஏ-09 என்ற சிறு குறட்டை வருவித்துக்கொண்டேன். அதில் ராச்செட் இல்லை. 1.0, 1.4, 1.6, 1.9 மி.மீ. என நான்கு குழிகள் மட்டுமே உள்ளன. செம்பு இறகுகளை ஒரு குழியிலும், உறை இறகுகளை அதைவிடப் பெரிய இன்னொரு குழியிலும் தனித்தனியாக அழுத்த வேண்டும். எக்ஸ்எச்சுக்கு 1.6, பிறகு 1.9, பிஎச்சுக்கு 1.4, பிறகு 1.6 என்பது என் கைக்குப் படிந்த வரிசை. இரண்டு படிகளாக இருப்பதால்தான் ஒரே குறடு பல குடும்பத்து டெர்மினல்களுக்கு உதவுகிறது. எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்பதும் உடனே கண்ணுக்குத் தெரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். போதுமான அளவு அழுத்திவிட்டோமா என்பதைக் கைதான் தீர்மானிக்க வேண்டும். ஐம்பது டெர்மினல்களைக் கடந்தால் உள்ளங்கை நோகும், அறுபதாவது கிரிம்ப் முதலாவதைப் போல் இராது. அத்துடன் இந்தியாவில் இறக்குமதியில் வாங்கினால் கேள்வி கேட்டவரின் தொகைக்குள் அடங்குவது கடினம்.

மின்தடை_470 எழுதியது:

விவாதத்தைப் படித்த பிறகு என் எஸ்என்-28பியை எடுத்து நேற்றிரவு சோதித்தேன். உண்மையை ஒப்புக்கொள்கிறேன். டூபான்ட் டெர்மினல் அழகாக வருகிறது. எக்ஸ்எச் பரவாயில்லை, உறை இறகுகள் மட்டும் சற்றுக் கோணலாக மூடுகின்றன. பிஎச் டெர்மினலோ அந்தக் குழிக்குள் தொளதொளவென்று உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, ஐந்தில் மூன்று வீணாகிவிட்டன. ராச்செட் சுழற்சி முழுமையாகத்தான் முடிந்தது. பொருந்தாத குழியில் முழுமையாக அழுத்தினாலும் பொருந்தாத கிரிம்ப்தான் கிடைக்கிறது என்பதை ஐந்து ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொண்டேன். "பாதி கிரிம்ப் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

வடம்_முனையம் எழுதியது:

சோதித்துப் பார்த்து எழுதியதற்கு என் பாராட்டு. டூபான்ட் என்று நாம் சொல்வது உண்மையில் பெர்க் நிறுவனத்தின் வடிவம். 1972இல் பெர்க்கை டூபான்ட் வாங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த வரிசை ஆம்ஃபினால் கையில் இருக்கிறது. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள், எஸ்என்-28பி அந்த நகல்களுக்கென்றே வடிவமைத்ததைப் போல் பொருந்தும். எஸ்என் என்பது டூலின் உடலைக் குறிக்கும் பெயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 28பி, 2549, 01பிஎம் என்று பின்னால் வரும் பகுதிதான் அச்சைக் குறிக்கிறது. 28பியில் ஏடபிள்யூஜி 28 முதல் 18 வரை என்று போட்டிருக்கும். 18 வரை போகும் குழி, 28ஐ எப்படி இறுகப் பிடிக்கும் என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எக்ஸ்எச், பிஎச் இரண்டும் அடிக்க வேண்டிய இவருக்கு ஏடபிள்யூஜி 28 முதல் 20 வரை குறிக்கப்பட்ட 01பிஎம் வகை, அல்லது ஐவிஸ் நிறுவனத்தின் 32 முதல் 20 வரையுள்ள 3220எம் வகை பொருத்தமாக இருக்கும். கையடக்க ராச்செட் டூல்களில் விலைக்கேற்ற பயன் தருபவை இவை என்பது என் மதிப்பீடு. எக்ஸ்எச்சுக்கு ஜேஎஸ்டியே தரும் டபிள்யூசி-110, பிஎச்சுக்கு டபிள்யூசி-240 ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டாம். அவற்றில் ஒன்றின் விலைக்குப் புது பிரிண்டரே வாங்கிவிடலாம்.

வாங்கும்போது விளம்பரப் படத்தைப் பார்க்காமல், அச்சின் முகத்தை நெருக்கமாகக் காட்டும் படத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் இதய வடிவில் நடுவே கூர்முனை தெரிய வேண்டும், மறுபக்கம் அதைவிட அகன்ற குழி இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரிச்சி_தெரு_வழிப்போக்கர் எழுதியது:

டூல் வந்ததும் நேராகப் பிரிண்டர் கம்பியில் கை வைக்காதீர்கள். நூறு டெர்மினல் கூடுதலாக வாங்கி, இருபதைப் பாழாக்கத் தயாராக இருங்கள். சுருளாக வரும் டெர்மினல்களே நல்லவை, பையில் உதிரியாக வருபவற்றில் இறகு வளைந்தவை நிறைய இருக்கும். உறையை இரண்டு மி.மீ. அளவுக்கு மட்டும் உரித்து, கைப்பிடியை ஓரிரு சொடுக்கு மட்டும் அழுத்தி டெர்மினலைக் குழியில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு கம்பியை நுழையுங்கள். மூன்றாவது கை வேண்டும் என்று தோன்றும் வேலை அப்போது இரண்டு கைகளில் முடியும். இரண்டு ஜோடி இறகுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் செம்பும் தெரிய வேண்டும், உறையின் விளிம்பும் தெரிய வேண்டும். உறை முன் இறகுக்குள் போய்விட்டால் அந்த டெர்மினலைக் குப்பையில் போடுங்கள்.

சோதனைக்கு, பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். டெர்மினலைச் சிறு வைஸில் பிடித்துக்கொண்டு கம்பியைத் தராசில் கட்டி இழுங்கள். ஏடபிள்யூஜி 24க்குத் தொழில்துறை வழக்கில் ஏற்கும் குறைந்தபட்ச அளவு 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோ. 26க்கு 3 பவுண்டு, 28க்கு 2 பவுண்டு. உறை இறகை மூடாமல் விட்டு, செம்பு கிரிம்பை மட்டும் சோதித்தால்தான் உண்மையான எண் தெரியும்.

கோவை_அச்சுக்கூடம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருள வேண்டும். 01பிஎம் அச்சுள்ள டூல் ஒன்றை 1,750 ரூபாய்க்கு வாங்கினேன். 14/38 கம்பியை மின்விசிறிகளுக்கும், அச்சின் எல்லையை உணரும் எண்ட்ஸ்டாப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டு, மோட்டார்களுக்கு 7/36 பயன்படுத்தினேன். வெளிவிட்டம் அளந்தபோது 1.4 வந்தது.

முதல் இருபதில் பதினான்கு வீண். எக்ஸ்எச் விரைவில் படிந்துவிட்டது, பிஎச்சில் உறை இறகுகள் உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கின. கைப்பிடிகளுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரத்தைக் கழித்தல் குறியின் பக்கம் ஒரு பல் திருப்பியதும், டெர்மினலை அரை மி.மீ. வெளியே தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டன. இழுவைச் சோதனையில் ஐந்து பிஎச் கிரிம்புகள் 3.1, 2.9, 3.3, 1.2, 3.0 கிலோவில் விட்டன. அந்த 1.2 ஏன் என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஏழு இழைகளில் மூன்றை உரிக்கும்போதே பிளேடு வெட்டியிருக்கிறது. அதன் பிறகு பிளேடை விட்டுவிட்டு, துளைகள் உள்ள வயர் ஸ்டிரிப்பர் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்தம் நூறு ரூபாய் எல்லை மீறிவிட்டது.

இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. மோட்டார் பக்கம் ஆறு பின், போர்டு பக்கம் நான்கு பின் என்பதால் எந்த வரிசையில் செருகுவது என்ற ஐயம் எஞ்சியிருக்கிறது.

வடம்_முனையம் எழுதியது:

நல்ல முடிவுகள். 7/36 கம்பிக்கு 3 கிலோ என்பது நான் எதிர்பார்த்ததைவிட மேல்.

ஆறு பின் பிஎச்சில் 1, 3, 4, 6 ஆகிய நான்கு மட்டுமே பெரும்பாலான மோட்டார்களில் பயன்படுகின்றன. பழைய கம்பியில் நடு இரண்டும் குறுக்காக மாறியிருக்கக்கூடும் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். கம்பியை மோட்டாரில் மட்டும் செருகி, எக்ஸ்எச் முனையில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவிடுங்கள். சில ஓம் காட்டும் இரண்டும் மோட்டாருக்குள் இருக்கும் ஒரே கம்பிச்சுருளின் முனைகள், அவை போர்டில் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கும் ஒரே ஜோடியில் அமர வேண்டும். மோட்டார் எதிர்த்திசையில் ஓடினால் ஒரு ஜோடியை மட்டும் இடம் மாற்றுங்கள். டெர்மினலின் முதுகில் உள்ள சிறு நாக்கை ஊசியால் அழுத்தினால் ஹவுசிங்கிலிருந்து கழன்று வரும், திரும்பச் செருகும் முன் அந்த நாக்கை மெல்ல நிமிர்த்திவிட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மட்டும் மோட்டார் இணைப்பியைப் பிடுங்காதீர்கள், மோட்டாரை இயக்கும் டிரைவர் சிப் போய்விடும்.

கோவை_அச்சுக்கூடம் எழுதியது:

நீங்கள் சொன்னதுபோலவே எக்ஸ், ஒய் இரண்டிலும் நடுக் கம்பிகள் மாறியிருந்தன. திருத்தினேன். இசட் மட்டும் தலைகீழாக ஓடியது, ஒரு ஜோடியை மாற்றியதும் நேரானது. இப்போது முதல் அடுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மீதி அறுபது பிஎச் டெர்மினல்கள் இருக்கின்றன. கோவையில் யாருக்கேனும் வேண்டுமென்றால் தனிமடலில் எழுதுங்கள், டூலையும் ஒரு வாரம் கடனாகத் தருகிறேன்.